மினசோட்டா லைப்ரரி அக்காவுக்கு, ராயபுரத்துல இருந்து

அக்கா, பேர் போட்டா உங்களுக்குப் புடிக்காது, அதனால போடல. நம்பர் மாத்திட்டீங்க போல, மெசேஜ் போக மாட்டேங்குது. தெரிஞ்சவங்க யாராவது ஷேர் பண்ணுங்கப்பா.

எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடன்ட்டா அமெரிக்கால மினசோட்டால ஹைஸ்கூல் படிக்கப் போனப்போ இங்கிலீஷைக்கூட சமாளிச்சுட்டேன், குளிரும் ஸ்கூல் லாக்கர்ல அந்த நம்பர் சுத்துற பூட்டும்தான் உயிரை வாங்குச்சு. நான் தங்கியிருந்த வீட்டு ஹோஸ்ட் ஃபேமிலி தங்கமானவங்க, ஆனா அவங்களுக்குக் குளிர் ஒரு மேட்டரே இல்ல. மார்கழிப் பனிக்கே மஃப்ளர் கட்டுற ஆளுங்க நாம, அங்க சில நாள் மைனஸ் 20 டிகிரி, காலைல இருட்டுல மஞ்ச ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கணும், நம்ம ஊரு எம்.சி. ரோட்ல எடுத்த ஜெர்கின் அதுக்கு இன்னா பண்ணும்?

லைப்ரரி கவுன்டர்ல என் கையைப் பாத்தீங்க, குளிர்ல வெடிச்சிருந்துச்சு. "எந்த ஊருப்பா?" "ராயபுரம்க்கா." அவ்ளோதான், அடுத்த நாள் பழைய கோட்டு, தெர்மல், காதை மூடுற குல்லா எல்லாம் ஒரு பையில. நான் கேக்கவே இல்ல. உள்ள தெர்மல், நடுவுல கம்பளி, மேல காத்து புகாத கோட்டு, காட்டன் மட்டும் உள்ள போடாத, வேர்வை ஊறினா இன்னும் குளிரும்னு சொல்லிக் குடுத்தீங்க. அப்புறம் ஒரு பூட்டை எடுத்து வச்சு, வலப்பக்கம் நல்லா சுத்தி மொத நம்பர், இடப்பக்கம் அதை ஒரு தடவ தாண்டி ரெண்டாவது, திரும்ப வலப்பக்கம் நேரா மூணாவதுன்னு கை பழகுற வரைக்கும் விடல.

நீங்க டப்பால குடுத்த புளிசாதத்தை ஹோஸ்ட் அம்மாவும் சாப்ட்டாங்க, தண்ணி குடிச்சுகினே.

கோட்டை அடுத்து வந்த பையனுக்குக் குடுத்துட்டேன், திட்டாதீங்க. ஊருக்கு வந்தா வீட்டுக்கு வாங்கக்கா, காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கி வறுக்கணும்னு அம்மா இப்பவே சொல்லினு இருக்காங்க.