தூக்கம் வெறும் பழக்கமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளி வீரர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தூக்கம் வெறும் பழக்கந்தானாம். வானத்தில் இருப்பவர்கள் நினைத்த நேரத்தில் தூங்கி எழுகிறார்களாம், நம் பிள்ளைகள்தான் நைட் ஷிப்ட் என்றால் முகம் சுளிக்கிறார்களாம். விவரம் தெரிந்த தாங்கள் இதை எப்படி அச்சேற்றினீர்கள் என்று எனக்கு மனம் ஆறவில்லை.

விண்வெளி நிலையம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதும், அங்கே ஒரு நாளில் 16 தடவை பொழுது விடிவதும் தாங்கள் அறியாததல்ல. அந்த வெளிச்சத்தை நம்பினால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் தறிகெட்டுப் போகும். அதனால்தான் கிரீன்விச் நேரத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். அவர்கள் இரவு ஒன்பதரைக்குப் படுக்கும்போது யாங்கூனில் நமக்கு விடியற்காலை நான்கு மணி. நீல ஒளி கண்ணில் பட்டால் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு அடங்கிவிடும் என்று, 2016 முதல் விளக்குகளையே மாற்றினார்கள். இப்போது படுக்கைக்கு முன் நீலம் குறைந்த வெளிச்சம். இத்தனை செய்து, எட்டரை மணி நேரம் ஒதுக்கியும், அவர்கள் தூங்குவது சராசரி ஆறு மணி நேரந்தான். பலர் தூக்க மாத்திரை போடுகிறார்கள். நினைத்த நேரத்தில் தூங்குகிறவர்களுக்கு மாத்திரை எதற்கு, ஐயா?

என் மகனுக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. காலையில் வந்து தகரக் கூரைக்குக் கீழே படுப்பான். வெளிச்சம் வராமல் ஜன்னலில் பழைய கைலியை ஆணியடித்து வைத்திருக்கிறேன். கண் அசரும் நேரத்தில் கரண்ட் வரும், தெருவில் உள்ள மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடும். விடியற்காலையில் உடம்பின் சூடு இறங்கி விழிப்பு மங்கும் நேரத்தில் தையல் ஊசி அவன் விரலில் ஏறியது. நகம் இன்னும் சரியாக முளைக்கவில்லை. கவனமில்லாதவன் என்று சூப்பர்வைசர் சம்பளத்தில் பிடித்தார்.

கோயில் கூட்டத்தில், காலைப் பூசைக்கு வராத வாலிபர்கள் சோம்பேறிகள் என்று பேசியதையும் தாங்கள் பெரிய எழுத்தில் போட்டீர்கள். மறுத்து நான் எழுதிய கடிதம் வரவேயில்லை. உடம்பின் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டவர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்ததைப் பற்றியும் ஒரு வரி வந்ததாக நினைவில்லை.

அடுத்த இதழில், தூக்கம் வெறும் பழக்கம் என்ற அந்த வாசகம் தவறு என்று இரண்டு வரி போடுங்கள். அதே பக்கத்தில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
யாங்கூன்