ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு நீச்சல்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை நீச்சல் பயிற்சி பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பணம் கட்டவும் வண்டியில் கொண்டுவிடவும் ஆள் இருக்கிற பிள்ளைகளுக்கு அது சரி. தாமிரபரணிக் கரையோரத் தொடக்கப் பள்ளிகளில் படிக்கிற மற்ற பிள்ளைகளுக்கு யார் சொல்லித்தருவது?

எனக்குத் தாத்தா இருந்தார். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிடுவார். நாலாம் நாள் குடுக்கையில் விரிசல் விட்டுத் தண்ணீர் ஏறிவிட்டது. அது தெரியாமலே கிணற்றை இரண்டு சுற்று சுற்றிவிட்டேன். இன்று அந்தக் கிணற்றுக்குக் கம்பிவலை போட்டாயிற்று.

நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆறு. முப்பது வருஷமும் நான் சொல்லித்தந்தது ஒன்றுதான்: "ஏலே, ஆத்துப் பக்கம் போனா காலை ஒடிச்சிருவேன்." போகத்தான் செய்தார்கள். படித்துறையின் கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பார்கள். பாசியில் கை வழுக்கினால் அடுத்தது கசம், ஆளை முழுக்கிற ஆழம். மணல் அள்ளிய குழி எங்கே கிடக்கிறது என்று உள்ளூர்க்காரர்களுக்கே தெரியாது.

இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளியை முடிப்பதற்குள், அதாவது 11 வயதுக்குள், 25 மீட்டர் நீந்தவும் தண்ணீரில் தன்னைக் காத்துக்கொள்ளவும் கற்றுத்தர வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதற்காகப் பள்ளிக்குப் பள்ளி குளமா கட்டினார்கள்? பெரும்பாலும் பக்கத்துப் பொதுக் குளத்துக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். நமக்குப் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் குளம் இருக்கிறது. நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை முறை வைத்துப் பள்ளி நேரத்திலேயே அங்கே கூட்டிப்போகலாம். அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது தூரம்தான். வங்கதேசத்தில் கிராமத்துக் குளத்திலேயே மூங்கில் தளம் அமைத்து நீச்சல் பழக்குகிறார்கள். மூங்கில் நமக்கும் கிடைக்கும்.

பட்டாம்பூச்சி நீச்சலெல்லாம் வேண்டாம். மல்லாந்து மிதக்கத் தெரிந்தால் போதும், அதுவும் யூனிஃபார்மோடு. தவறி விழுகிற பிள்ளை நீச்சல் உடை போட்டுக்கொண்டு விழுவதில்லை. கூட வந்தவன் முங்கினால் பின்னாலேயே குதிக்காமல், கரையில் நின்று துண்டையோ கம்பையோ நீட்டப் பழக்க வேண்டும். அப்புறம், பெண் பிள்ளைகளைக் காரணம் காட்டி இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். முதலில் ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கட்டும். எனக்குத் தெரிந்த டீச்சர்களில் பாதிப் பேருக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தாலே பயம்.

ஆற்றில் பழக்குவதென்றால் வெள்ளம் வடிந்த பிப்ரவரி, மார்ச்சில்தான் முடியும். எந்தப் படித்துறையில் ஆழமில்லை என்று கல்வித் துறை இப்போதே ஆள் விட்டுப் பார்த்துவைத்தால் நல்லது.

— ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
சேரன்மகாதேவி