கட்டிலுக்கடியில் ஆறு பெட்டிகள்

வீட்டுப் பாவனைப் பொருட்களை நேரடியாக விற்கும் கம்பனிகளின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். உங்களைப் போன்ற ஒரு கம்பனிக்கு ஆலோசகராக மூன்று வருடம் சட்டி, டப்பா, தண்ணீர்ப் போத்தல் விற்றவள் நான். அந்த வேலை எனக்கு நிஜமாகவே பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் ஒரு அக்கா வீட்டில் பத்துப் பேர் கூடுவோம். டப்பாவில் தண்ணீர் ஊற்றி, மூடியை அழுத்தி, தலைகீழாகக் கவிழ்ப்பேன். ஒரு சொட்டு சிந்தாது. ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு மழையில் மலையேறுகிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. டப்பர்வேர் கம்பனி 1951இல் கடைகளை விட்டுவிட்டு வீட்டுக் கூட்டங்களுக்கு மாறியதும் இதனால்தான். அந்த மூடியை ஒருத்தி கையால் அழுத்திக் காட்டினால்தான் விற்றது.

ஆனால் எங்கள் ஊரில் காசு எப்படி வருகிறது என்று நீங்கள் யோசிக்கவில்லை. நாட்சம்பளம் 2024இல்தான் 1350 ரூபாவானது. அதுவும் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, விழுந்தால். வெயில் காலத்தில் கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்தால் தவணைக் காசும் நின்றுபோகும். அக்காமார் பத்தாந் திகதி சம்பளம் வாங்கித்தான் தருவார்கள், அதையும் மூன்று நாலு மாதமாக. கம்பனியோ சாமான் தரும்போதே முழுக் காசையும் கேட்டது. நடுவில் நின்றது என் தோடு, அடகுக் கடையில்.

அப்புறம் பதவி. மாதம் இவ்வளவுக்குச் சாமான் எடுத்தால்தான் கொமிஷன் கூடும் என்றார்கள். விற்றாயா என்று ஒருவரும் கேட்கவில்லை, எடுத்தாயா என்றுதான் கேட்டார்கள். பிறகு ஆள் சேர்க்கச் சொன்னார்கள். ஒரே லயத்தில் நாலு ஆலோசகர் இருந்தால் யார் யாருக்கு விற்பது? பிரமிட் திட்டங்களை வங்கித் தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடை செய்கிறது. நீங்கள் எல்லோரும் அதைச் செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆள் சேர்ப்பதற்கே காசு என்றானால் அந்தப் பக்கம்தான் போய் நிற்கும்.

இன்னொன்று. நொன்ஸ்டிக் சட்டியின் பூச்சு 260 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் கெடத் தொடங்கும். கவ்வாத்து மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைச் செடிக் குச்சி, எரிகிற அடுப்பில் அந்தச் சூடு சீக்கிரம் வந்துவிடும். எனக்குக் கிடைத்த தாளில் எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. ஆசையாக வாங்கிய ஒரு அக்கா, பூச்சு உரிந்த சட்டியோடு என் வாசலில் வந்து நின்றார். அவருக்கு முகம் கொடுத்தது நான்தான், கம்பனியில்லை.

கொமிஷனை, பாவிப்பவர் கைக்குப் போன சாமானுக்குக் கொடுங்கள். எச்சரிக்கையைத் தமிழில் அச்சடியுங்கள். சீல் உடைக்காத சாமானைத் திருப்பி எடுங்கள். என் கட்டிலுக்கடியில் அப்படி ஆறு பெட்டிகள் இருக்கின்றன, பில்லையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பக்கத்து லயத்துத் தங்கச்சி ஒருத்தி போன வாரம் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவள் முதல் பெட்டிக்குக் காசு கட்டுவதற்கு முன்பாவது, திருப்பி எடுப்போம் என்று அவளுக்கு எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஆலோசகர் ஒருத்தி