கமேஹமேஹாவை ஒரே வரில முடிச்சுட்டீங்களே

ஆசிரியருக்கு வணக்கம். சின்னச் சின்ன ராஜ்யங்களை ஒண்ணு சேர்த்த மன்னர்கள் பத்தி உங்க ஞாயிறு இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா பசிபிக் கடல்ல இருக்குற ஹவாய் தீவுகளோட மன்னர் கமேஹமேஹாவுக்கு ஒரு வரிதான் குடுத்திருக்கீங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். தீவுக்குத் தீவு அடிச்சுக்கிட்டு கிடந்த இடத்தை ஒரே நாடாக்குனவர் அவரு. 1795ல ஓவாஹு தீவுல நடந்த நூவானு சண்டைல அவரோட ஆளுங்க எதிரிப் படையை மலை விளிம்பு வரைக்கும் தள்ளிட்டுப் போனாங்க, நூத்துக்கணக்கான பேரு அங்கிருந்து விழுந்தே செத்தாங்க. ஆனா கவாயி தீவு 1810ல பேச்சுவார்த்தைலயே சேர்ந்துடுச்சு, இந்த வித்தியாசத்தையாவது எழுதியிருக்கலாம்.

அதைவிட முக்கியம் அவரோட துடுப்புச் சட்டம். இளவயசுல ஒரு தடவை மீனவங்களைத் துரத்திட்டு ஓடும்போது எரிமலைப் பாறை இடுக்குல அவரு கால் மாட்டிக்கிச்சு, ஒரு மீனவர் திரும்பி வந்து துடுப்பாலயே தலைல அடிச்சாரு, துடுப்பே உடைஞ்சு போச்சு. பின்னாடி அந்த ஆளைப் பிடிச்சு முன்னாடி நிறுத்துனப்போ கொல்லச் சொல்லல, தப்பு என்மேலதான்னு மன்னிச்சு விட்டுட்டு, வயசானவங்க பொம்பளைங்க குழந்தைங்க வழியோரத்துல படுத்துத் தூங்கினாக்கூட யாரும் தொடக்கூடாதுன்னு 1797ல சட்டம் போட்டாரு. இன்னைக்கும் ஹவாய் மாநில அரசியல் சட்டத்துல அது இருக்கு சார். சண்டையை மட்டும் எழுதாம இந்த மாதிரி சட்டங்களைப் பத்தியும் அடுத்த வாரம் தனியா ஒரு கட்டுரை போடுங்க.