கலவரத்தில் சூறைபோன பொருட்களையும் இழப்பாகக் கணக்கில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செல்போன் கடை ஊழியர் (வயது 21),
மேட்டுப்பாளையம் சாலை, துடியலூர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கோயம்புத்தூர்.

நாள்: 17.10.2016

பொருள்: 23.9.2016 அன்று நடந்த கலவரத்தில் கடைகளிலிருந்து அள்ளிச் செல்லப்பட்ட பொருட்களையும் இழப்பாகச் சேர்த்து நிவாரணம் வழங்கவும், மீட்கப்படும் பொருட்கள் சீக்கிரம் உரியவர் கைக்கு வரவும் ஆவன செய்ய வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு சின்ன செல்போன் கடையில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு சேர்ந்தவன். விற்பனை, ரீசார்ஜ், சர்வீஸ் எல்லாம் நானும் பாயும்தான். பாய் என்பது கடை முதலாளி. நான் அவரை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. இந்த மனுவை அவர்தான் எழுதியிருக்க வேண்டும். "எழுதி என்ன ஆகப் போகுது தம்பி" என்று உட்கார்ந்துவிட்டார். அதனால் அவரிடம் கேட்டுக்கொண்டு நான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செப்டம்பர் 22ஆம் தேதி இரவு இந்து முன்னணியின் செய்தித் தொடர்பாளர் சசிகுமார் வண்டியில் வீட்டுக்குப் போகும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் யாராக இருந்தாலும் பிடிபட வேண்டும், தண்டனை பெற வேண்டும். அந்தக் குடும்பத்தின் இழப்புக்குப் பக்கத்தில் எங்கள் கடை இழப்பை வைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் மறுநாள் இறுதி ஊர்வலத்தை ஒட்டி எங்கள் சாலையில் நடந்ததற்கும் அந்தத் துக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை.

23ஆம் தேதி வெள்ளிக்கிழமை நாங்கள் கடையைத் திறக்கவே இல்லை. சாலை முழுக்க ஷட்டர் இறங்கித்தான் இருந்தது. அன்று கல் பறந்ததும், துடியலூரில் போலீஸ் ஜீப் எரிந்ததும், கடைகள் உடைக்கப்பட்டதும் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது மறுநாள் காலை எங்கள் கடைக்குள் பார்த்ததை.

ஷட்டரின் ஒரு ஓரத்தைக் கடப்பாரை வைத்து நெம்பித் தூக்கியிருந்தார்கள். ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு இடைவெளி. உள்ளே ஷோகேஸ் கண்ணாடி தூள் தூளாகக் கிடந்தது. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் என்று பாய் கடன் சொல்லி இறக்கியிருந்த சரக்கு அது. செப்டம்பர் முதல் வாரத்தில் ஜியோ சிம் வந்ததிலிருந்து 4ஜி போன் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், அதனால் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வாங்கியிருந்தோம். மொத்தம் 64 போன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. டம்மி பீஸ்களை மட்டும் தூக்கிப் பார்த்து, கனம் இல்லை என்று தெரிந்ததும் தரையிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதைவிட எனக்கு அடிவயிற்றைப் பிசைந்தது சர்வீஸ் டிராயர். ரிப்பேருக்கு வந்த போன்களைத் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஜாப் சீட்டு எழுதி அதில்தான் வைப்போம். 17 கவர் இருந்தது. டிராயரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்றிரண்டு சீட்டு மட்டும் கண்ணாடித் தூளுக்குள் கிடந்தது. ஒன்றில் என் கையெழுத்தில் "மைக் போகவில்லை, பூக்கார அம்மா, 150 ரூபாய்" என்று இருந்தது. அது சாதாரண பட்டன் போன், இன்றைக்கு முந்நூறு ரூபாய்கூடப் பெறாது. ஆனால் அந்த அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். யார் யாருக்குப் பூ போட வேண்டும், யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் போனில் அவருக்கு மட்டும் புரிகிற வரிசையில் இருந்தது. சிம்மைக் கழற்றி அவரிடமே கொடுத்திருந்தோம். நம்பர்கள் எல்லாம் போனுக்குள் இருந்தன. இப்போதும் சாயங்காலம் கூடையோடு வந்து நின்று, "கிடைச்சுதா கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவரிடம் நான் என்ன சொல்வது ஐயா?

அப்புறம் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. பக்கத்து மாடியிலிருந்து யாரோ எடுத்தது. நெஞ்சோடு சேர்த்துப் பெட்டிகளை அணைத்துக்கொண்டு, சிரித்தபடி ஓடுகிற ஒரு பையன் அதில் தெளிவாகத் தெரிகிறான். பத்தாம் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். அவனுக்குப் போன் இல்லாமல் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் கடைக்கு வந்துதான் டெம்பர் கிளாஸ் மாற்றிக்கொண்டு போனான். நான்தான் ஒட்டிக் கொடுத்தேன், பழகிய பையன் என்று பாய் பாதி விலைதான் வாங்கினார். அவன் எந்தக் கட்சியிலும் எந்த அமைப்பிலும் இருந்ததாக எனக்குத் தெரியாது. கூட்டத்தோடு நின்றிருக்கிறான், ஷட்டர் திறந்திருந்தது, கேட்க ஆள் இல்லை, நுழைந்துவிட்டான். அந்த வீடியோவைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டேன். கொடுத்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவன் அம்மா எங்கள் தெருவழியாகத்தான் வேலைக்குப் போகிறார். அப்படியும் கொடுத்தது சரிதான் என்று நினைக்கிறேன்.

1997இல் எனக்கு இரண்டு வயது. நவம்பரில் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டதும், அடுத்த நாட்களில் நகரத்தில் உயிர்கள் போனதும் கடைகள் எரிந்ததும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்ததும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று பொருளை இழந்தவர்களில் பலர் யாரிடமும் கேட்காமல் ஊரை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்பார். பாயும் இப்போது ஊருக்கே திரும்பிப் போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். அந்தப் பயத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இனி கோரிக்கைக்கு வருகிறேன். சேதம் பார்க்க வந்தவர்கள் உடைந்த ஷட்டரையும் கண்ணாடியையும் எழுதிக்கொண்டார்கள். போன்களைச் சொன்னபோது, "அது திருட்டு, போலீஸ் கேஸ், இதில் வராது" என்றார்கள். சரி, இன்சூரன்ஸில் கேட்போம் என்று போனோம். பாய் முத்ரா திட்டத்தில் கடன் வாங்கியபோது வங்கி சொல்லி எடுத்த தீ மற்றும் சிறப்பு இடர் பாலிசி இருக்கிறது. அதில் கலவரம் என்ற தலைப்பே உண்டு. ஆனால் அதற்குக் கீழேயே, பொது அமைதி குலைந்த நேரத்தில் நடந்தாலும் திருட்டுக்கும் களவுக்கும் பணம் இல்லை என்று எழுதியிருக்கிறது. வாங்கும்போது யார் அதைப் படிக்கிறார்கள்? ஆக, கண்ணாடிக்குப் பணம் உண்டு, கண்ணாடிக்குள் இருந்ததற்குக் கிடையாது. சுமார் 4 லட்சம் ரூபாய்ச் சரக்கு எந்தக் கணக்கிலும் இல்லாமல் நடுவில் நிற்கிறது. அதே போன்களை எடுத்துப் போகாமல் கடையிலேயே வைத்துக் கொளுத்தியிருந்தால் இழப்பு என்று எழுதியிருப்பார்கள்.

மற்ற நாட்டில் எப்படி என்று தேடிப் படித்தேன். 2011 ஆகஸ்டில் லண்டனில் கலவரம் நடந்து கடைகள் சூறையாடப்பட்டபோது, 1886இல் போட்ட ஒரு சட்டத்தை வைத்து, காவல் துறைக்கான நிதியிலிருந்தே ஈடு கேட்க வழி இருந்தது. உடைந்த பொருளுக்கும் உண்டு, திருடுபோன பொருளுக்கும் உண்டு. அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக இந்த வருடம்தான் அங்கே புதுச் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் மாநிலத்திலும் 1992ஆம் ஆண்டு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. முதலில் பொதுச் சொத்துக்கு என்று இருந்ததை 1994இல் திருத்தித் தனியார் சொத்தையும் சேர்த்தார்கள். உச்ச நீதிமன்றம் 16.4.2009 அன்று கொடுத்த தீர்ப்பில், கலவர இழப்பைக் கணக்கிட உயர் நீதிமன்றம் வழியாக இழப்பீட்டு ஆணையரை நியமிக்கலாம் என்றும், செய்தவர்களிடமும் கூட்டத்தை நடத்தியவர்களிடமும் அதை வசூலிக்கலாம் என்றும் வழிகாட்டியிருக்கிறது. எங்கள் சாலையில் நடந்ததற்கும் அப்படி ஒரு ஆணையரை நியமிக்க அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். அதற்கு முன்னால், அள்ளிச் செல்லப்பட்ட சரக்கையும் சேர்த்து மறுபடி ஒரு கணக்கெடுப்பு நடத்த உத்தரவிட வேண்டும். கொள்முதல் பில்லில் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள 15 இலக்க ஐஎம்இஐ அடையாள எண்ணும் இருக்கிறது. பொய்க் கணக்கு சொல்ல இதில் யாருக்கும் வழியில்லை.

வங்கித் தவணை அடுத்தது. கலவரத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இயற்கைச் சீற்றத்துக்குத் தருவதுபோலக் கடன் தவணையைத் தள்ளிவைக்கலாம், புதுக் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதற்கு மாவட்ட நிர்வாகம், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் அலுவலரை அழைத்து, வங்கிகளின் மாவட்ட ஆலோசனைக் குழுக் கூட்டத்தைக் கூட்டச் சொல்ல வேண்டும். இது தங்கள் ஒரு கடிதத்தில் நடக்கக்கூடியது. தீபாவளி 29ஆம் தேதி. அதற்குள் கொஞ்சமாவது சரக்கு இறக்கினால்தான் கடை கடையாக இருக்கும்.

மீட்கப்படும் போன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிடிபட்டவர்களிடமிருந்து எடுக்கும் பொருள் வழக்குச் சொத்தாக நீதிமன்றத்துக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் செல்போன் நகை மாதிரி இல்லை ஐயா. ஆறு மாதம் பூட்டி வைத்தால் விலை பாதியாகும், பேட்டரி உப்பிவிடும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451ஆம் பிரிவில் இடைக்காலமாகப் பொருளை உரியவரிடம் தரலாம். 2002ஆம் ஆண்டு சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் பொருட்களைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கடைக்காரர்கள் போடும் அந்த மனுக்களுக்கு அரசுத் தரப்பில் ஆட்சேபணை இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். வக்கீல் வைக்க முடியாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக மனு தயாரித்துத் தரவும் ஏற்பாடு வேண்டும். சர்வீஸுக்குக் கொடுத்த 17 பேரின் போன்களைத் தனிப் பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டும், அவற்றுக்கு எங்களிடம் பில் கிடையாது, ஜாப் சீட்டும் சர்வீஸ் நோட்டும்தான் ஆதாரம்.

கடைசியாக ஒன்று, இது பாய் சொல்லச் சொன்னது இல்லை, நானே கேட்பது. அந்தப் போன்களில் பல இப்போது ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் கைமாறிக்கொண்டிருக்கும். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு, திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் இந்திய தண்டனைச் சட்டம் 411ஆம் பிரிவில் வழக்கு வரும் என்றே தெரியாது. வார்டு வார்டாக ஆட்டோவில் மைக் கட்டி இதைச் சொல்லச் சொல்லுங்கள். ஐடிஐ, பாலிடெக்னிக், கல்லூரி வாசல்களிலும் சொல்லச் சொல்லுங்கள். ஒரு தேதி குறித்து, அதற்குள் கிராம நிர்வாக அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ தாமாகக் கொண்டுவந்து ஒப்படைப்பவர்களின் பெயரைத் தனியாகக் குறித்து, அவர்கள் திருப்பிக் கொடுத்ததை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுபோக வழி செய்யுங்கள். என் பெஞ்சுக்காரனைப் போல எத்தனையோ பேர் அந்தப் பெட்டியை வைத்துக்கொள்ளவும் முடியாமல், வெளியே எடுக்கவும் முடியாமல் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொருளைத் திருப்பிக் கொடுக்க ஒரு கதவாவது திறந்திருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

மேற்கண்டவற்றைப் பரிசீலித்து ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு எப்போது கூப்பிட்டாலும் பாயை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: 64 போன்களின் கொள்முதல் பில் மற்றும் ஐஎம்இஐ எண் பட்டியல் நகல், சர்வீஸ் நோட்டின் 17 பதிவுகளின் நகல், கிடைத்த ஜாப் சீட்டு 2, பாலிசி நகல், கடையின் புகைப்படங்கள்.