ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பள்ளிக்கரணை வட்டாரத்திலிருந்து இந்த ஆண்டும் நமக்கு வந்த பறவை மீட்பு அழைப்புகளில் பெரும்பாலானவை மாஞ்சா நூலிலோ தூண்டில் நரம்பிலோ சிக்கிய பறவைகளைப் பற்றியவைதான். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. ஆனாலும் பட்டம் அறுந்துபோன பிறகு நூல் மரத்திலேயே கிடக்கிறது. பருத்தி நூல் மக்கிவிடும், இது மக்குவதும் இல்லை.

அடிபட்ட பறவையைப் பிடிப்பது பெரிய வேலை இல்லை. தலைமேல் துண்டைப் போட்டால் அடங்கிவிடும். அப்புறம் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி போதும். சிக்கல் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பார்த்தவர் இரக்கப்பட்டு நூலை அறுத்து அங்கேயே பறக்க விட்டுவிடுகிறார். இறுகிய நூல் காலில் ரத்த ஓட்டத்தைத் தடுத்திருக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில நாளில் சதை அழுக ஆரம்பிக்கும். இறக்கையின் முன்பக்கச் சவ்வு கிழிந்த பருந்தும் கொஞ்ச தூரம் பறந்து எங்கோ விழுந்துவிடும். ஆகவே மரத்திலிருந்து விடுவிப்பதோடு நிறுத்துங்கள். உடம்பில் சுற்றியதை மருத்துவர் எடுக்கட்டும். தூண்டில் முள்ளையும் இழுக்க வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறக்கிறது. கூழைக்கடா என்றால் அலகை இறுக்கிக் கட்டாதீர்கள், அது வாய் வழியாகத்தான் மூச்சு விடுகிறது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்க்க முடியாது. எவ்வளவு பாசம் வந்தாலும் வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். இதில் சிலருக்கு நம்மீது வருத்தம் உண்டு, இருக்கட்டும்.

பிளாஸ்டிக் குப்பையையும் மறக்க முடியாது. 2018-இல் ஹரியானாவின் பசாய் சதுப்பு நிலத்தில் ஒரு கருங்கழுத்து நாரையின் அலகில் பிளாஸ்டிக் வளையம் மாட்டி, வாயைத் திறக்க முடியாமல் பட்டினி கிடந்தது. பல நாள் தேடிப் பிடித்துத்தான் கழற்றினார்கள். நம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. பெருங்குடி குப்பைக் கிடங்கு அதன் ஓரத்திலேயே இருக்கிறது.

பெரிய கூண்டு கட்டலாம் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். என் கருத்து வேறு. அந்தப் பணத்தில் நீளமான தொரட்டிக் கம்புகள் வாங்கி, பட்டம் விடும் காலம் முடிந்ததும் மரங்களிலிருந்து நூலை இறக்கலாம். மீன் பிடிப்பவர்கள் அறுந்த நரம்பைப் போட ஏரிக்கரையில் டப்பாக்களும் வைக்கலாம். செயற்குழு இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இரவில் வரும் அழைப்புகளை எடுக்க ஆள் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்