பேப்பர் யார் கைக்குப் போகிறது?

ஆசிரியருக்கு,

ஆய்வுத் திருட்டு பற்றி சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். திருடியவர்களை நன்றாகவே வெளுத்து வாங்கியிருந்தார்கள், சரி. ஆனால் இன்னும் அச்சாகாத ஆய்வுப் பேப்பர் அவர்கள் கைக்கு எப்படிப் போகிறது என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டார்கள்.

1978 நவம்பரில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த ஹெலனா ராட்பார்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளர், சாப்பாட்டையே ஒதுக்கி மெலிந்துபோகும் அனோரெக்சியா நோயாளிகளின் உடலில் இன்சுலின் எப்படிப் பிணைகிறது என்று எழுதி நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினுக்கு அனுப்பினார். அச்சிடத் தகுதியானதா என்று அதே துறை நிபுணர் படித்துச் சொல்லும் ரிவியூவுக்காக அது யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் ஃபெலிக்கிடம் போனது. அவர் அதைத் தன்னிடம் வேலை பார்த்த விஜய் சோமனிடம் தள்ளிவிட்டார். சோமனும் அதே விஷயத்தில்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்! 'வேண்டாம்' என்று கருத்து போனது, ஜர்னலும் நிராகரித்தது. கொஞ்ச நாளில் சோமன், ஃபெலிக் பெயரில் ஒரு பேப்பர் வேறொரு ஜர்னலிலிருந்து ராட்பார்டின் மேலதிகாரியிடம் ரிவியூவுக்கு வர, அவரும் அதை ராட்பார்டிடமே நீட்ட, அதில் தன்னுடைய வரிகள் அப்படியே இருப்பதை அந்தப் பெண் பார்த்தார். 1980-இல் சோமனின் ஆய்வுத் தரவுகளில் தணிக்கை நடந்து அவர் வேலையை விட்டார், ஃபெலிக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கிடைத்த பதவியும் போனது.

திருட்டு நடந்ததும் பிடிபட்டதும் ஒரே பழக்கத்தால்தான். பெரியவருக்கு வந்த ரகசியப் பேப்பரை அவர் சின்னவரிடம் கொடுக்கிறார், எடிட்டருக்கு எதுவும் தெரியாது.

நம் ஊரில் இது குற்றமாகவே தெரிவதில்லை. நான் ஸ்காலராக இருந்தபோது என் கைடுக்கு வந்த பேப்பர்களை "கொஞ்சம் பார்த்துக் கொடுப்பா" என்று என்னிடம்தான் தருவார். நான் எழுதியது அவர் பெயரில் போகும். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. ஜர்னலிடம் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் மாணவரைக்கூடச் சேர்க்கக் கூடாது என்று ஆய்வு வெளியீட்டு நெறிமுறைகளை வகுக்கும் கோப் (COPE) அமைப்பின் வழிகாட்டி சொல்வதெல்லாம் ரொம்பப் பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது.

ரிவியூவரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒரு பேப்பர் வந்திருக்கிறது என்பதையே எடிட்டர் வெளியில் சொல்லக் கூடாது என்பது மருத்துவ இதழ் ஆசிரியர்கள் சேர்ந்து வகுத்த விதி. இங்கேயோ, டிபார்ட்மென்ட் நடத்தும் ஜர்னலின் எடிட்டர் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே "உங்க பேப்பர் அவர்கிட்டதான் போயிருக்கு, ஒரு போன் போட்டுருங்க" என்கிறார். உதவி செய்வதாக வேறு நினைப்பு!

இப்போது சின்னவர்கூடத் தேவையில்லை, பேப்பரை அப்படியே சாட்ஜிபிடியில் போட்டு ரிவியூ எழுதி வாங்கிவிடலாம். ராட்பார்ட் வேலை பார்த்த அதே நிறுவனம், தன்னிடம் வரும் நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுகிறவர்கள் இப்படிச் செய்யக் கூடாது என்று 2023-இல் தடை போட்டுவிட்டது. நம் ஜர்னல்களில் எத்தனை எடிட்டர்கள் ரிவியூவரிடம் இதைப் பற்றி வாயைத் திறந்து கேட்கிறார்கள்?

ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்களில், ரிவியூ கேட்டு மெயில் வந்தால் "என் மாணவி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுத்தான் எழுதினேன். பெரும்பாலும் பதிலே வராது. ஒரே ஒரு எடிட்டர் மட்டும் மறுநாளே எழுதினார்: "பெயரை அனுப்புங்கள், அவருக்கும் தனியாக அழைப்பு அனுப்புகிறேன்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
திருச்சி